இரண்டாம் முறை எடுத்த இரத்தம்

மதிவதனி தன் இரத்தத்தைத் தானே நான்கு முறை சோதித்துப் பார்த்திருந்தாள். நான்கு முறையும் எல்லாம் நார்மல்.

செங்கம் ரோட்டில் இருந்த அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் எட்டு வருடமாக டெக்னீஷியன். காகிதத்தில் வராத நோயை அவளும் நம்பியதில்லை. "மேல் எல்லாம் வலிக்குது" என்று வந்து, ரிப்போர்ட் சுத்தமாக வந்த பிறகும் புலம்பிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அதே வலி அவளுக்கே வந்தது. கழுத்தில் தொடங்கித் தோள், இடுப்பு, முழங்கால், உள்ளங்கை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் கண் விழித்தால், ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவள் போல உடம்பு கிடக்கும்.

வேலூரில் ஒரு மருத்துவர் அங்கங்கே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். இரத்தத்தில் எதுவும் தெரியாது, ஆனால் வலி பொய்யில்லை, தூக்கமும் ஞாபகமும் தடுமாறும், மாத்திரையோடு ஓய்வும் வேண்டும் என்றார். வீட்டில் அந்தச் சீட்டைக் காட்டினாள். கணவன் குமரேசன் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தான். நல்லவன்தான். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லியே மதி. ஜாஸ்தி யோசிக்காத, சரியாப் போயிடும்."

அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. லேபில் ஒன்பது மணி நேரம் நின்றாள். தாங்க முடியாதபோது கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் முதுகை அழுத்தி நூறு எண்ணினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடி அண்ணாமலையில் பெண்களுக்கு ஒரு சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்த லேப் ஏற்பாடு செய்தது. கூட்டம் சேர்த்தது தனம். லேபில் பெருக்கித் துடைத்து, சாம்பிள் எடுத்துக்கொடுத்து, டீ வாங்கி வருகிற தனத்துக்கு அதுதான் சொந்த ஊர். வீடு வீடாகப் போய், "காசு கெடையாது, வெறும் வயித்தோட வந்தா போதும்" என்று முப்பத்திரண்டு பெண்களைக் கூட்டிவிட்டாள்.

முகாமுக்கு முந்தின நாள் பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், வேலை முடிந்த மதிவதனி கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து தற்காலிக பஸ் நிலையம்வரை நடந்தாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து முதல் பஸ் பிடித்து வந்து, முப்பத்திரண்டு கைகளில் ஊசி போட்டாள். ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் லேபுக்குத் திரும்பியபோது மணி ஒன்பதரை.

"குடு மதிம்மா, நான் தூக்கியாறேன்" என்றாள் தனம்.

"இல்லக்கா, நானே பாத்துக்கறேன். உடனே மிஷின்ல போட்டுடணும்."

இரத்தத்தை மிஷினில் சுழற்றித் தெளிவைப் பிரித்து எடுத்தால்தான் பரிசோதனைக்கு ஆகும். அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் கை மரத்துப்போயிருந்தது. ஐந்தே நிமிஷம் என்று ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். கண் விழித்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

பெட்டியில் ஐஸ் கரைந்து தண்ணீராகிவிட்டிருந்தது. ஓடிப்போய் மிஷினில் போட்டாள். மஞ்சளாக நிற்க வேண்டிய தெளிவு முக்கால்வாசிக் குழாய்களில் சிவப்பாக நின்றது. அணுக்கள் உடைந்துவிட்டன. ஒன்றும் உதவாது.

மேனேஜர் புகழேந்தி குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மதி இது? ஒன்பதரைக்கு வந்த சாம்பிள் எல்லாம் எப்படி இப்படி ஆச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நான் தனம்க்காகிட்ட குடுத்துட்டேன் சார். அவங்க அப்படியே மறந்து வெச்சுட்டாங்க போல."

தனம் துடைப்பத்தோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் மறுத்துச் சொல்வாள் என்று மதிவதனி காத்திருந்தாள். சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள். தனம் அவளைப் பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

கவுன்டரில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, புகழேந்தி தனத்தைப் பார்த்துக் கத்தினார். "உங்கள நம்பி ஒரு பொருள குடுத்தா இதான் நெலம. நீங்களே போயி திரும்ப எல்லாரையும் கூப்டுங்க. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வர வேணாம்."

அன்று பிற்பகல் முழுவதும் தனம் துடைத்த இடங்களில் கால் வைக்கவே மதிவதனிக்குக் கூசியது. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போய், இரண்டு முறையும் பாதியில் திரும்பினாள். வீட்டில் குமரேசன் பரிமாறிய சோற்றைக்கூட அவளால் நிமிர்ந்து பார்த்து வாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி அடி அண்ணாமலை. இந்த முறை பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். முதலில் உட்கார்ந்தவள் தங்கம்மாள் என்கிற அறுபது வயதுக்காரி. கையை நீட்டிக்கொண்டே தனத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க ரத்தம் இன்னா கொழாத்தண்ணியா தனம், கீழ கொட்டறதுக்கு? வேலைக்குப் போற எடத்துல தூங்கினு இருந்தியா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டவுன்ல வேல பாக்கறாங்க இல்ல, அசதி ஜாஸ்தி" என்றாள் ஒருத்தி. தனம் தலை குனிந்தபடி தங்கம்மாளின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். காது மடல் சிவந்திருந்தது.

மதிவதனி ஊசியை இறக்கினாள். நரம்பு கிடைக்கவில்லை. எட்டு வருடத்தில் இப்படி நரம்பு தவறியது மிகக் குறைவு. ஊசியை வெளியே எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னாள்.

"தூங்கினது அக்கா இல்லமா. நான்."

யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு உடம்பு முழுக்க வலி இருக்கு. அன்னிக்கு முடியல, படுத்துட்டேன்." இதுவும் ஒரு சாக்காகிறதே என்று தோன்றியதும் குரல் இறங்கியது. "வலி இருந்ததால தூங்கினேன். ஆனா பொய் சொன்னது வலியால இல்ல. சார் கேட்டப்போ பயந்துகிட்டு அக்கா பேரச் சொல்லிட்டேன்."

தங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மடக்கிக்கொண்டு மற்ற கையை நீட்டினாள்.

"சரி, குத்து. இந்த ரத்தத்தையாச்சும் முழிச்சினு இருந்து பாரு."

திரும்பும்போது ஆட்டோவில் தனம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க தூங்கறத நான் பாத்தேன் மேடம். முகமே செத்துக் கெடந்துச்சு. யாரும் எழுப்பிடக் கூடாதுனு நான்தான் கதவ சாத்திட்டு வந்தேன். அந்தப் பொட்டி உள்ள இருக்குதுனு எனக்குத் தெரியாது."

மதிவதனி அவள் பக்கம் திரும்பினாள்.

"சார் கேட்டப்போ நான் ஏன் வாயத் தெறக்கல தெரியுமா? நீங்க தூங்கினீங்கனு சொன்னா உங்க வேல போயிடுமேனுதான். எம் பேரையே சொல்லுவீங்கனு நெனைக்கல."

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க."

"இப்ப ஒண்ணும் கேக்காதீங்க மேடம்."

அன்றுவரை தனம் அவளை ஒருமுறைகூட மேடம் என்று கூப்பிட்டதில்லை.

லேபுக்குப் போனதும் மதிவதனி முதல் வேலையாகச் சாம்பிளைப் பிரித்து வைத்தாள். அது முடிந்ததும் புகழேந்தியின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"உடம்புக்கு முடியலன்னா லீவு போடறதுதானே?"

"தெனமும் முடியல சார். தெனமும் எப்படி லீவு போடறது?"

அவர் ஒரு மெமோ கொடுத்தார். முகாம் பொறுப்பிலிருந்து அவளை எடுத்தார். வலியைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னார். லேபின் வெள்ளைத் தாளில் அந்த நோயின் பெயரை அவள் முதல்முறையாக எழுதினாள். வேலை செய்ய உயரமான ஸ்டூலும், நடுவில் பத்து நிமிட ஓய்வும் கேட்டாள். ஸ்டூல் வந்தது. ஓய்வைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். எழுத்தில் கேட்காத ஒன்றை வாயால் கேட்டாள்: தனத்தை எல்லார் முன்னாலும் திட்டியதுபோல, அவள் மேல் தப்பில்லை என்றும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவர் முகம் சுளித்தார். ஆனாலும் வெளியே வந்து, "தப்பு உங்க மேல இல்ல தனம், தெரியாம கத்திட்டேன்" என்று கவுன்டருக்கும் கேட்கும்படி சொன்னார். தனம் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கப் போனாள்.

தங்கம்மாளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் மதிவதனிக்கு வராமல் போன பதின்மூன்று பேரின் நினைவு வந்தது. அவர்களில் யாருக்கு என்ன இருக்கிறதோ.

ஞாயிற்றுக்கிழமை, புகழேந்தியிடம் சொல்லிவிட்டு, ஒரு பெட்டி ஐஸோடு அவளே போனாள். முந்தின இரவு குமரேசனிடம், தனத்தின் மேல் பழி போட்டதுவரை எல்லாம் சொல்லியிருந்தாள். அவன் "இவ்ளோ வலியா இருக்குதா உனக்கு?" என்று மட்டும் கேட்டான். யாரும் சாப்பிடுமுன் போய்ச் சேர, விடிகாலையிலேயே ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டி, அடி அண்ணாமலையில் கொண்டுபோய் விட்டான்.

ஒவ்வொரு வாசலிலும், "அன்னிக்கு ரத்தத்தக் கெடுத்தது நான்தாங்க, தனம்க்கா இல்ல" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். பழகிவிடும் என்று நினைத்திருந்தாள். பழகவில்லை. ஒவ்வொரு முறையும் முகம் எரிந்தது. ஐந்து பேர் முடியாது என்றார்கள். இன்னொருத்தி கதவையே சாத்தினாள். ஏழு பேர் கை நீட்டினார்கள். தன் வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த தனம், அவள் தெருவில் போவதைப் பார்த்தாள்; எழுந்து வரவில்லை.

கடைசி வீட்டில் வேலை முடிந்து எழுந்தபோது முழங்கால் மடங்கிவிட்டது. மறைந்துகொள்ளச் சுவரோ கதவோ இல்லை. எதிர்வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் வீட்டுக்காரி.

"வலிக்குதுங்க" என்றாள் மதிவதனி. "பெட்டிய மட்டும் நெழல்ல வெச்சுடுங்க. கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துட்டுப் போறேன்."