ஆறு மணிப் பெரட்டு

சிவசக்தி ஒருநாளும் ஐந்து மணிக்குப் பிந்தி எழுந்தவள் அல்லள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்த அப்பழக்கம், பதுளையில் பல்கலைக்கழக விடுதிக்கு வந்து மூன்றாம் ஆண்டாகியும் மாறவில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பாள். பின்பு அறைச் சாவிகளைத் துடைத்து ஆணிகளில் மாட்டுவாள். விடுதி மாணவியர் சங்கச் செயலாளர் என்ற முறையில், காலிக் கட்டில்களைப் பகிர்ந்தளிப்பது இவ்வாண்டு அவள் பொறுப்பு.

முதலாண்டில் இதே விடுதி முற்றத்தில்தான் மூத்த மாணவி கேசினி பெரட்டு வைத்தாள். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதே பெரட்டு. கேசினியின் தந்தை இரகுநாதன் அப்போது ஸ்பிரிங்வெளியில் பெரட்டு எடுக்கும் கிளாக்கர். புதியவர்களைப் பகிடிவதை செய்த மற்ற அக்காமார் பாடச் சொன்னார்கள், ஆடச் சொன்னார்கள். கேசினியோ லயத்துப் பிள்ளைகள் நால்வரை மட்டும் பிரித்தெடுத்து, ஆறு மணிக்கு நிறுத்தி, தன் அழுக்குத்துணிக் கூடையைக் கொழுந்துக் கூடைபோல் கயிறு கட்டி அவர்கள் தலையிலே தொங்கவிட்டாள். சிவசக்தி ஐந்து நிமிடம் பிந்திய அன்று, "பெரட்டு கலைஞ்சிட்டுது. நாளைக்கு வா" என்றாள். அன்று முழுவதும் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை.

கூடையைச் சிவசக்தி மறந்திருப்பாள். ஆனால் காய்ச்சலோடு பிந்தி வந்த அவள் தாய் மாரியாயியை இரகுநாதன் லயத்துக்குத் திருப்பி அனுப்பியதும் அதே சொற்களால்தான். சிறுமியான சிவசக்தி அப்போது தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இறுதியாண்டில் நகரத்து வாடகை அறைக்குப் போயிருந்த கேசினி, முந்தாநாள் அவளைத் தேடி வந்தாள்.

"வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிப்போட்டினம். ஒரு கட்டில் இருந்தாத் தாரும், சிவசக்தி. லுணுகலை வீட்டில இருந்து நாளாந்தம் வந்து சோதினை எழுதேலாது."

"காலையில ஆறு மணிக்கு வாங்கக்கா. சாவி தாரேன்."

மறுநாள் கேசினி பைகளோடு மூச்சிரைக்க வந்தபோது ஆறு பத்து. பத்து நிமிடந்தானே என்று சிரித்தாள்.

"பெரட்டு கலைஞ்சிருச்சுங்கக்கா. நாளைக்கு வாங்க."

கேசினியின் சிரிப்பு நின்றது. அன்று கூடை சுமந்த நால்வரையும் கண்டிருந்த விடுதித் தோழி நளீரா, படியில் பல் துலக்கியபடியே, "கூடையையும் கொண்டு வாங்க" என்றாள். கேசினி பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். சிவசக்தி அன்று இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தாள்.

இன்று ஐந்தரைக்கே யன்னலுக்கு வெளியே ஓர் உருவம் தெரிந்தது. பனி மூடிய முற்றத்தில், முன்பு அவர்களை நிறுத்திய அதே இடத்தில், பைகளைக் காலடியில் வைத்துவிட்டுக் கேசினி நின்றாள். கதவைத் தட்டவில்லை, எவரையும் அழைக்கவில்லை. அவள் தந்தையின் முன் கொழுந்துக்காரிகள் நிற்பதுபோல், கைகளை முன்னே கோத்துக்கொண்டு நின்றாள்.

சிவசக்தி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். கடிகாரத்தில் ஆறு மணிக்குக் கால்மணி இருந்தது. சாவியைக் கொடுத்துவிடுவதென்று அவள் தீர்மானித்தாள். ஆறு மணிக்கு முன் கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்து, சாவியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் அமர்ந்தாள்.