பேசின் உயரம்

வாஷ்பேசின் என் எடையைத் தாங்கும் என்று முடிவெடுத்தவன் நான்தான். குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து, அடுத்தவர் செய்த பொருள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவனுக்கு அந்த அளவு நம்பிக்கை இருக்கக் கூடாதா? ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தேன், தாங்கியது. இன்னொன்றையும் வைத்தேன். பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்த வெண்கல மணியைக் கீஸர் குழாயில் கட்டி, கயிற்றைக் கீழே, குளியலறையில் என் மனைவி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி வரை தொங்கவிடுவதாகத் திட்டம். விஜயகுமாரி வாழ்நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுடைய "ஏங்க" டிவி சத்தத்தில் எனக்குக் கேட்பதில்லை. அதற்குத்தான் மணி. பேசின், அதன் அடியிலிருந்த கேபினெட், நான் என்ற வரிசையில் தரைக்கு வந்து சேர்ந்தோம். கையிலிருந்த மணி பத்திரமாக இருந்தது. விழுந்த வேகத்தில் நன்றாகவே அடித்தது.

"என்னங்க சத்தம்?"

"டெஸ்டிங்" என்றேன், பீங்கான் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடி.

அவள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், எலும்பு எதுவும் போகவில்லை என்று தெரிந்ததும் மணியைப் பார்த்தாள்.

"அடிச்சா ஓடி வர நீங்க என்ன சாமியா? எனக்கு மணி நக்கோ."

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். 'வேண்டாம்' என்றால் இன்னும் பேசிப் பார்க்கலாம், 'நக்கோ' என்றால் பேச்சு முடிந்தது என்பதை, வேலூரிலிருந்து வேலைக்கு வந்த எனக்குக் கல்யாணமான புதிதிலேயே புரியவைத்துவிட்டாள்.

பக்கவாதம் வந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பக்கெட்டில்தான் வாய் கொப்பளிக்கிறாள். பேசினும் கண்ணாடியும் அவள் தலைக்கு மேலே நடக்கும் விவகாரமாகிவிட்டன. இனி எழுந்து நிற்பாளா என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். டாக்டர் "பாசிட்டிவா இருங்க" என்றார். பிசியோதெரபிப் பெண் "இம்ப்ரூவ்மெண்ட் இருக்கு அங்கிள்" என்றாள். என் தொழிலில் ஒரு பொருள் தேறும், இல்லையென்றால் தேறாது. இம்ப்ரூவ்மெண்ட் இருக்கிறது என்று முத்திரை கிடையாது. விஜயாவிடம் மட்டும் கேட்கவில்லை. தைரியம் போதவில்லை.

கச்சிபவுலியிலிருந்து மகள் ஹர்ஷிதா போனில் வந்தாள். "எப்படியும் உடைச்சாச்சுல்ல? லோ ஹைட்ல போட்டுடுங்கப்பா. அம்மா வீல்சேர்ல இருந்தே யூஸ் பண்ணலாம். பி ப்ராக்டிகல்." நியாயமாகத்தான் பட்டது. உப்பலில் கடை கடையாக ஏறி இறங்கி, அடியில் முழங்கால் நுழைகிற மாதிரி ஒரு பேசின் வாங்கினேன். விஜயாவிடம் காட்டி, எந்த உயரத்தில் வைக்கலாம் என்று கேட்டேன். "உடைச்சவர் நீங்க, வாங்கினவர் நீங்க, என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய ஆரம்பித்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் அப்படித்தான்.

பிளம்பர் யாதகிரி வந்து சுவரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கோட கொட்டாலி சார்."

சுவரை உடைக்க வேண்டுமாம். தண்ணீர் வரும் குழாய் பிரச்சினையில்லை, நீளமாக ஒரு ஹோஸ் போட்டு இழுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வெளியேறும் குழாய்தான் சுவருக்குள் பழைய உயரத்தில் நிற்கிறது. பேசினை இவ்வளவு கீழே இறக்கினால் எச்சில் தண்ணீர் மேலே ஏறித்தான் போக வேண்டும்.

"உடைங்க" என்றேன், சொத்தை எழுதிவைக்கிற குரலில். அவர் உளியைச் சுவரில் வைத்தார்.

"நக்கோ."

அந்தச் சொல் யாதகிரிக்கும் தெரியும். தூக்கிய சுத்தியல் அப்படியே நின்றது. வாசலில் விஜயா.

"பைப்பு இருக்கற இடத்துலயே இருக்கட்டும். பேசினை மேல மாட்டச் சொல்லுங்க."

"விஜயா, உன் சௌகரியத்துக்குத்தான்…"

"என் சௌகரியத்தை ஊரெல்லாம் போன்ல பேசியாச்சு, என்னைத் தவிர. தாழ வச்சா, இவ இனிமே எந்திரிக்க மாட்டான்னு சுவத்துல எழுதி வச்ச மாதிரி. அது மூஞ்சில முழிச்சிட்டு நான் தினம் பல்லு தேய்க்கணுமா?"

நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். வலது கையால் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். நான் ஓடினேன்.

"தொடாதீங்க."

நின்றேன். இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடது கால் ஈரத் தரையில் இழுபட்டது. யாதகிரி சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அவள் வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்று, குழாய் வாய்க்குச் சற்று மேலே, தன் இடுப்புயரத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. நிமிர நிமிர, கண்ணாடியின் கீழ் விளிம்பில் நெற்றி தெரிந்தது, பிறகு கண்களும் தெரிந்தன. அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கேட்டேன். "தினமும் நிக்க முடியுமா உன்னால?"

மூச்சு வாங்கி முடிக்கும்வரை காக்கவைத்தாள்.

"சில நாள் முடியும். சில நாள் முடியாது. முடியாத நாள்ல கோவிந்தராஜன்னு பேர் சொல்லிக் கூப்பிடுவேன். டிவியை அணைச்சிட்டு வாங்க."

யாதகிரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவள் உள்ளங்கையின் அடியை ஒட்டி ஒரு கோடு இழுத்தார். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.