கடலை வெட்டும் வேலை

எங்கள் ஆபீஸில் வேலை தொடங்குவதே கடலை வெட்டி எறிவதில்தான். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு அறை. எங்கே என்ன வளர்கிறது என்று காட்டும் வரைபடத்துக்காக, அங்கே உட்கார்ந்து வடதுருவத்து நிலத்துக்கு நிறம் பூசுகிறோம். செயற்கைக்கோள் எடுத்த படம் கம்ப்யூட்டருக்கு வரும். பாசிக்கு ஒரு நிறம், குட்டைப் புதருக்கு ஒரு நிறம், சதுப்புப் புல்லுக்கு ஒன்று, வெறும் பாறைக்கு ஒன்று. கடல் கணக்கில் கிடையாது. கரையோரமாகக் கோடு போட்டு, அப்பால் உள்ளதை அழித்துவிட வேண்டும். ஒரு துளி கடல் மிஞ்சினாலும் மேலாளர் ஜஸ்டஸ் சாருக்கு முகம் கடுத்துவிடும்.

கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டுப் பெண்ணுக்கு நல்ல வேலைதான் கிடைத்தது. என் அண்ணன் மரியான் ஆழ்கடலுக்குப் போகிறவன். கரையில் இருக்கிற நாளெல்லாம் என்னைச் சீண்டுவான்.

"ஏட்டி லீமா, மனுசன் இல்லாத ஊருல புல்லுக்குப் பெயிண்டு அடிக்கிய. அங்க மீன் உண்டா?"

"கடலைத்தான் வெட்டிட்டோமே."

"கடலை வெட்டுன மொத ஆளு நீதான்."

சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

2017 நவம்பர் கடைசியில் புயல் அடித்தபோது அவன் போன விசைப்படகு, எங்கள் பேச்சில் போட்டு, கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது. சில போட்டுகள் லட்சத்தீவிலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின. அவனுடையது எங்கேயும் ஒதுங்கவில்லை. கிறிஸ்துமசும் போயிற்று. ஜனவரியில் பங்குச்சாமி வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களுக்கான பூசை, பெயர்களை வாசிக்கப் போகிறோம், மரியான் பெயரையும் சேர்த்துவிடலாமா என்று அவன் மனைவி பிரிஜாவிடம் கேட்டார்.

"நாளைக்குச் சொல்லுகேன் சாமி" என்றாள் பிரிஜா மைனி.

மறுநாள் புதுக்கடையில் பஸ் மாறி ஆபீஸுக்கே வந்துவிட்டாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"மக்கா, நீ மேல இருந்து உலகத்தையே பாக்கிய. அவரு போட்டு கெடக்கான்னு பாத்துச் சொல்லு. நீ இல்லைன்னு சொன்னா நான் பேரு குடுக்கேன்."

ஏதாவது ஒரு நீலப் படத்தைக் காட்டி, தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் ஒரு முடிவு கிடைத்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. ஜஸ்டஸ் சார் தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்.

புயலுக்குப் பிறகு எடுத்த எங்கள் கரையின் படத்தைத் திறந்தேன். மாதா கோவில் கூரை, தென்னந்தோப்பு, அலையைத் தடுக்கக் கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவு எல்லாம் தெரிந்தன. படத்தை மேற்கே நகர்த்தினேன். கொஞ்சம் நீலம் வந்தது. பிறகு வெறும் கறுப்பு.

"இது ராத்திரியா?"

"இல்ல மைனி. இதுக்கு அப்பால படமே கெடையாது. இந்தச் செயற்கைக்கோள் நிலத்தைத்தான் எடுக்கும். ஆழ்கடலை எடுக்காது."

மைனி அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து மேசையில் என்னோடு வேலை செய்கிற பெனின் நிறம் பூசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"பாசி."

"பாசிக்குப் படம் உண்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வேலையில் சேர்ந்ததற்கு முதன்முறையாக வெட்கப்பட்டேன்.

மைனி எழுந்தாள். "அப்ப மேல இருந்தும் அவரை யாரும் தேடல. தேடாம எப்படி இல்லைன்னு சொல்லுகது?"

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். மரியான் பெயர் வரவில்லை. மைனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இனி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். அழுதது நான்தான்.

திங்கட்கிழமை புதிய படம் வந்தது. துருவத்துக் கடற்கரை. ஜஸ்டஸ் சார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடலை பெனின் வெட்டட்டும். நீ பாசியைப் பாரு."

"வேண்டாம் சார், நானே செய்யுகேன்."

கோடு போட்டேன். கரையை ஒட்டி அல்ல, கொஞ்சம் தள்ளி, ஒரு போட்டு வந்து நிற்கிற அளவுக்கு நீலத்தை விட்டுவிட்டுப் போட்டேன். சார் பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை.