இருபத்து நான்காவது மெழுகுவர்த்தி

ஒரு விஷயம் புரியாவிட்டால் அந்தத் தையல்காரிக்குத் தொண்டையில் சோறு இறங்காது. எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்று அவளுடைய அண்ணியே அவளுக்குத் 'துருவி' என்று பட்டம் கட்டியிருந்தாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு மெழுகுவர்த்தியைப் பத்து வருஷம் விட்டுவைத்ததுதான் ஆச்சரியம்.

கோயில் சுவரில் பதித்த கல்லில் போரில் செத்த இருபத்து மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. ஏழாவது பெயர் அவள் புருஷனுடையது. வருஷா வருஷம் நினைவு ஞாயிறன்று பாதிரியார் பெயர்களை வாசிப்பார். வீட்டுக்கு ஒருவர் எழுந்து போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஆனால் ஜனங்கள் உள்ளே வருவதற்கு முன்பே ஓரத்தில் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். யாரைக் கேட்டாலும் "ஃபாதர் ஏத்தியிருப்பார்" என்பார்கள். பாதிரியாரோ, "நீங்க யாரோ ஏத்துறீங்கன்னுல்ல நினைச்சேன்" என்பார்.

இந்த வருஷம் மெழுகுவர்த்திகளுக்கு அடியில் விரிக்கும் துணி ஓரம் பிரிந்து அவளிடம் தைக்க வந்தது. உறைந்த மெழுகைச் சுரண்டினாள். ஒரு சொட்டுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தாள். போதாதென்று நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். கோதுமை மாவு!

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பாடகர் பெஞ்சுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். முழங்கால் விண்விண் என்று வலித்தது. நினைத்தபடியே ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கல்லில் முதல் பெயர் அவருடைய மகனுடையது. வந்தவர் ஓரத்து மெழுகுவர்த்தியை ஏற்றினார்.

"யாருக்கு மாமா இது?"

மனுஷருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "துருவியா! இதுலயும் மூக்கை நுழைக்கணுமா உனக்கு?" என்றவர், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மகனைப் புதைச்ச மூணாம் நாள். எதிரிப்படைக்காரன் ஒருத்தன் குண்டடி பட்டு என் கடைப் பின்கதவைத் தட்டினான். மீசைகூட சரியா முளைக்கலை. தண்ணி கேட்டான். என் கையிலயே தண்ணி இருந்துச்சும்மா. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பகைவனை நேசிக்கணும்னு பிரசங்கம் கேட்டு மண்டையை ஆட்டினவன்தான் நானும். காலைல வாசப்படியில செத்துக் கிடந்தான்."

அதே வாரம், அதே தெருவில்தான் அவள் புருஷனும் சுடப்பட்டான். இவன்தான் சுட்டானோ? மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அவள் பார்வை போன இடத்தை அவரும் கவனித்தார். "அணைக்கணும்னா அணைச்சிடும்மா. நான் தடுக்க மாட்டேன்."

அவள் கை நகரவில்லை. வாய்தான் கேட்டது. "அவன் பேரு என்ன?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். "அவன் பையில இருந்துச்சு. அம்மாவுக்கு எழுதியிருக்கான். விலாசத்துல அவன் பேரும் இருக்கு."

உறை ஒட்டியபடியே இருந்தது.

"பதினோரு வருஷமாவா? எல்லை திறந்து, தபால் எல்லாம் ஒழுங்காத்தானே போகுது. ஏன் அனுப்பலை?"

"எப்படிச் செத்தான்னு அந்தம்மா கேப்பாளே. தண்ணி குடுத்தேன்னு பொய் எழுத மனசு வரலை. குடுக்கலைன்னு எழுதக் கை வரலை."

அவளுக்காவது புருஷனின் உடம்பு வீடு வந்தது. கட்டிக்கொண்டு அழுதாள். அந்தத் தாயோ வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து பார்ப்பாள். தையல்காரிக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடேயே இதுவும் தெரிந்தது.

"எழுதுங்க மாமா. கதவைத் திறக்கலைன்னே எழுதுங்க."

பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தாள். அவர் நாலே வரி எழுதுவதற்குள் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அவர் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்:

"அந்த வாரம் அதே தெருவில் என் கணவரையும் சுட்டுக் கொன்றார்கள். இதை அனுப்பச் சொன்னவள் நான்தான்."

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் ஒரு வரி சேர்த்தாள்.

"அம்மா, உங்கள் மகன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு எழுதுங்கள்."