இரண்டாயிரம் கதவுகளுக்கு ஒரே குரல்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. வைதவன் நான்தான். 'மாலை நகரம்' என்ற வீடியோ கேமை வெளியான அன்றே வாங்கி, மூன்று நாள் விளையாடிவிட்டு, இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் குத்தி இப்படி எழுதினேன்: "ஏழு வருடம் எடுத்துக்கொண்டு, கதவுக்குப் பதில் கண்துடைப்பைக் கட்டியிருக்கிறார்கள்." நானூறு பேர் ஆமோதித்தார்கள். என் கதை எதற்கும் அத்தனை பேர் தலையாட்டியதில்லை.

அந்த நகரத்தில் பொழுது சாய்ந்துகொண்டே இருக்கும், இருட்டாது. மொத்தம் இரண்டாயிரம் கதவுகள். எல்லாமே திறக்கும், ஓர் அறையைப் போல் இன்னோர் அறை இருக்காது என்று அதை உருவாக்கியவன் பேட்டிக்குப் பேட்டி சொல்லியிருந்தான். திறந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுக்குள் மேஜையின் மேல் மட்டும் மழை பெய்தது. இன்னொன்றில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை நான் கிளம்பவில்லை. மற்ற கதவுகளைத் தட்டினால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் வரும்: "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்."

வரமாட்டாள். ஒரு கதவின் முன் நான் இருபது நிமிடம் நின்றேன். அத்தனை கோபம் அதனால்தான்.

2

கேமின் முடிவில் உருவாக்கியவன் ஓடவிட்டிருந்த பெயர்ப் பட்டியலில் கடைசி வரி: 'தற்காலிகக் குரல்: என் மனைவி.' இனி வருவதெல்லாம் அந்த ஒரு வரியை நான் ஊதிப் பெருக்கியது.

மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் அவன் கணினியின் முன்

(வேண்டாம். தோற்றவன் என்றால் உடனே மழையில் உட்காரவைப்பது என் கெட்ட பழக்கம்.)

அவன் ஒரு மேதை, ஆனால் உலகம்

(இது அதைவிட மோசம். அவளிடமிருந்து தொடங்குகிறேன்.)

அவள் கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள்.* இருட்டாக்கிய அறையில், வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அன்று காலை நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண். அடுத்த வில்லையை எடுக்கத் திரும்பியவள் தன்னையறியாமல், "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, அது நீங்கதானா? உங்க கதவுக்கு முன்னாடி நான் எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா?"

"எந்தக் கதவும்மா?"

அந்தப் பெண் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒருவன் தெரு முழுக்கத் தட்டிக்கொண்டே போகிறான். வீட்டுக்கு வீடு இவள் குரல். கீழே ஆயிரம் பேர் திட்டியிருந்தார்கள். 'திறக்காதம்மா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

சோதனையை முடித்து அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, அவள் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைத் தானும் ஒரு தரம் படித்துப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததில் கடைசி இரண்டு வரி தெரியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

* கண் சோதிக்கும் அறை எனக்குத் தெரியும். போன மாதம்தான் பவர் ஏறியது. கேம் செய்யும் அறை தெரியாது. கதை இந்தப் பக்கமாகவே நடமாடுவதற்கு அதுதான் காரணம்.

3

அலுவலகத்தைக் காலி செய்த பிறகு அவன் சாப்பாட்டு மேஜையில்தான் வேலை பார்த்தான். வசவுகளைப் பார்த்துப் பணம் போட்ட முதலாளி கெடு வைத்திருந்தார்: திங்கட்கிழமைக்குள் திறக்காத கதவுகள் எல்லாம் சுவராக வேண்டும். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து எதிரே நின்றாள்.

"என் குரலை யாரைக் கேட்டு வெச்ச?"

"தற்காலிகமாத்தான் வெச்சேன். அப்புறம் ஒரு நடிகையை வெச்சு மாத்தறதா இருந்தது. நாள் ஓடிப்போச்சு."

"ஆயிரத்து அறுநூறு கதவுக்குமா?"

"ஆயிரத்து அறுநூத்தி எண்பத்தெட்டு."

(இந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.)

"அது என் வசனமே இல்ல. சாப்பிட வான்னு கூப்பிட்டா, அம்மாவைப் பார்க்கப் போகலாம்னு கூப்பிட்டா, ஏழு வருஷமா நீ சொன்ன பதில் அது. உன்னை மாதிரியே சொல்லிக் கிண்டல் பண்ணினேன். அதை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு, ஊரே என்னைத் திட்டற மாதிரி பண்ணிட்டியே."

'அவன் அழுதான்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவன், "கிண்டலா அது?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். "சுவராக்கிட்டா உன் குரல் போயிடும். அந்த ஊரும் அதோட செத்துடும். பரவால்ல. நீ சொல்லு, அப்படியே பண்ணிடறேன்."

4

முடிவு ஒன்று. "சுவராக்கிடு" என்கிறாள். அவன் சுவராக்குகிறான். வேறு வேலைக்குப் போகிறான், நேரத்துக்குச் சாப்பிட வருகிறான். (நியாயமான முடிவு. எழுதிவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு. அவள் மன்னித்துப் புன்னகை (சீச்சீ. கேட்டவுடன் மன்னிக்க அவள் என்ன நான் கூலிக்கு அமர்த்திய ஆளா?)

மூன்றாவதாக எழுதியபோது அவள் நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கம்பளிப் போர்வையை இழுத்துக்கொண்டு வந்தாள். எதிரொலி விழாமல் இருக்க, வீட்டில் குரல் பதிகிறவர்கள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள்.

"ரெக்கார்டரை எடு. இப்ப என் வசனத்தை நான் சொல்றேன். ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது. திங்கட்கிழமை அத்தனை கதவுலயும் அதுதான் கேக்கணும்."

"என்ன சொல்லப் போற?"

"எல்லாரையும் மாதிரி நின்னு கேளு."

மத்தியான வெயில் கம்பளியின் நெசவு வழியே வடிந்து இறங்கியது. உள்ளே பொழுது சாய்ந்ததுபோல் மஞ்சளாக இருந்தது. இருவரும் புகுந்ததில் முழங்கால்கள் இடித்துக்கொண்டன. இத்தனை பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவன் எண்ணிப் பார்த்தான். கதவுகளின் கணக்கு தெரிந்தவனுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. பொத்தானை அழுத்தினான். அவள் மூச்சை இழுத்தாள்.

5

அவளுக்காகப் பதினோரு வசனம் எழுதிப் பார்த்தேன். 'இந்த வீட்டை இன்னும் கட்டல, மன்னிச்சுக்கோங்க' என்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு, அவள் ஏன் கேட்க வேண்டும்? மற்ற பத்தும் அழகாக இருந்தன, எல்லாம் என் குரலில். அவளைக் கேட்காமல் அவள் வாயில் சொல் வைக்கிறவன் இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். இரண்டாவது ஆளாக நான் வேண்டாம்.

ஆகவே இடம் விட்டுவைக்கிறேன். உங்கள் வீட்டில் நெடுநாளாக நீங்கள் காக்கவைத்திருப்பவர் யாரோ, அவரிடம் இந்தப் பக்கத்தையும் ஒரு பேனாவையும் கொடுங்கள்.

"........................................"

அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.