காக்காவின் கை அளவு

என் புருஷன் பதியுதீன் தேகப்பயிற்சி தொடங்கியதற்குக் காரணம் ஓர் அறை. அறைந்தவர் என் கூடப்பிறந்த மூத்த காக்கா மீராமுகைதீன். இந்த இரண்டு பேரில் ஒருவரையும் இழந்துவிடக் கூடாது என்றுதான் அந்த வருஷம் முழுவதும் நான் கிடந்து தவித்தேன்.

ஐம்பத்து நாலாம் வருஷம். மருதமுனைக் கரையில் காக்காவுக்குச் சொந்தமாகக் கரைவலை இருந்தது. ஒருநாள் ஆள் குறைந்ததால், தறியில் இருந்த இவரையும் கயிறு இழுக்கக் கூட்டிப் போனார். இவருக்கோ குச்சி உடம்பு. பாதியில் கயிறு கையை விட்டு நழுவ, வலை சரிந்து, அகப்பட்ட கீரிமீன் அத்தனையும் கடலுக்கே திரும்பிப் போனது. நாற்பது பேர் பார்த்திருக்கக் காக்கா இவரை அறைந்தார்.

"நூல் சுத்துற கைக்கு வலைக்கயிறு எதுக்குடா?" என்றும் கேட்டாராம்.

இவர் வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். வீடு என்றால் என் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வாப்பா இல்லாத எனக்கு அந்த வீட்டைக் கட்டித் தந்தவர் காக்கா. அடித்தவர் கட்டிய கூரைக்குக் கீழே அடிபட்டவர் படுக்கவேண்டும். எனக்கே அது பொறுக்கவில்லை, அவருக்கு எப்படிப் பொறுக்கும்?

அடுத்த கிழமை கல்முனை பஸாரில் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். அட்டையில் கோவணத்தோடு ஒருவன் மார்பை விரித்து நின்றான். வெட்கங்கெட்டவன் என்று நான் அதைக் குப்புறப் போட்டேன். பால்மா டின் இரண்டில் சீமெந்து நிரப்பி, நடுவே இரும்புக் குழாய் சொருகி இவரே பாரம் செய்துகொண்டார். தொடங்குகிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. யார் கேட்டார்? முதல் நாளே கை நடுங்க நடுங்கத் தண்டால் எடுத்தார். மறுநாள் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் நான்தான் ஊட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. என் கோழிகள் இட்ட முட்டையெல்லாம் பச்சையாக அவர் வயிற்றுக்குள் போனதில் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்ததும் இவர் தன் புயத்தை வெள்ளை நூலால் சுற்றி அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போடுவார். அந்த நூலை வைக்கிற பெட்டியில் ஒரு சிவப்பு நூலும் கிடந்தது.

"இது ஆருட அளவு?" என்று கேட்டேன்.

"மச்சான்ட கை. தையல்காரன் சீனிமுகம்மதுக்கிட்டக் கேட்டு எடுத்தன்."

"அது எதுக்கு உங்களுக்கு?"

"ரெண்டும் சமமாகட்டும். மறுகா பாப்பம்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

காக்காவிடம் ஓடினேன். "ஒருக்கா மாப்புக் கேட்டா என்ன காக்கா? அவர்ட மனம் ஆறிரும்."

"போ புள்ள. பச்ச முட்ட குடிச்சாப் பூன புலியாகிருமா?" என்று வலையை உதறிக்கொண்டே சிரித்தார்.

வெள்ளை நூல் சிவப்பை எட்டிப் பிடிக்க அரை விரல்தான் மிச்சம் என்றானபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் தறியில் இருந்த நேரம், அதே சாயத்தில், பழையதைவிட ஒரு விரல் கூடுதல் நீளமாக வேறு சிவப்பு நூலை வெட்டிப் பெட்டியில் வைத்தேன். பழையதை அடுப்பில் போட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, நாள் போனால் ஆத்திரமும் போய்விடும் என்பது என் கணக்கு. அடுத்த வெள்ளி அவர் நூலைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டின்களைக் கழற்றிவிட்டு, பெரிய டின்களில் சீமெந்து குழைக்கப் போனார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இப்படி மூன்று தடவை செய்தேன்.

அதற்குள் அவர் வேறு ஆளாகிவிட்டார். சட்டைக் கைகள் தையல் விட்டன. சும்மா சாத்திய கதவு பிணைச்சலோடு கழன்று வந்தது. பகிடி விடுகிற மனுஷன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தெருவில் காக்காவைக் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்லிச் சிரித்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்ததும் ஆண்கள் வீடு வீடாகப் போய் ஒருவரையொருவர் கட்டித் தழுவி, மனக்குறை தீர்ப்பது வழக்கம். காக்கா அத்தர் மணக்க என் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க மச்சான்" என்று இவர் கைகளை விரித்தார்.

காக்காவும் சிரித்துக்கொண்டே அணைத்தார். அல்லாஹ் காப்பாற்றினான், எல்லாம் தீர்ந்தது என்று ஒரு கணம் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் காக்காவின் பாதங்கள் தரையை விட்டு எழும்பியிருப்பதைக் கண்டேன். அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. "விடுங்க" என்று இவருடைய முதுகில் இரண்டு கையாலும் குத்தினேன். சுவரில் குத்தியது போல இருந்தது. உள்ளே எதுவோ விறகு போல முறிகிற சத்தம் கேட்டது.

இவர் காக்காவை மெதுவாகப் பாயில் கிடத்தினார். காக்காவின் வாயோரம் இரத்தம் வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது.

"நெசவுக்காரனுக்கு நூல் தெரியாதா புள்ள? மூணு தரம் நீட்டி வெச்சாய். மொத அளவுக்கு ஒரு அறையோட விட்டிரிப்பன். நீதானே போதாது, போதாது எண்டு சொல்லிக்கொண்டிரிந்தாய்."

அதற்குள் சனம் கூடிவிட்டது. காக்கா மூன்றாம் நாள் மூச்சு அடங்கி மௌத்தானார். விசாரிக்க வந்த பொலிஸ்காரரிடம், பெருநாள் சந்தோஷத்தில் மச்சானைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டார், வேறொன்றும் இல்லை என்று ஊரே சொன்னது. பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார்.

ஓம் என்றேன்.