இஞ்ச் டேப்

இஞ்ச் டேப் அடிக்கடி தொலைந்துபோகிறது என்று டெய்லர் அதன் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார்.

"மாட்டுக்குக் கயிறு, உங்களுக்கு டேப்பா?" என்பாள் மனைவி.

"கட்டி வச்சதே நீதானே!"

கடையில் பட்டன் தைக்கும் கொழுந்தியாள் சத்தமில்லாமல் சிரிப்பாள். அறிவியல் படித்து முடித்து வேலைக்குக் காத்திருப்பவள். 'வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?' என்று அக்காவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவள்.

அன்று பகலில், கீழே விழுந்த நூல் பாபினை எடுக்க டெய்லர் குனிந்தார். மோட்டார் மெஷினின் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. ஓடிய பெல்ட் டேப்பைக் கவ்வியது. கண்மூடித் திறப்பதற்குள் அவர் கழுத்து சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது.

அக்கா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். பிறகு சக்கரத்தைப் பிடித்துத் தன் பக்கமாகச் சுற்றினாள். பின்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும் என்பது பதினெட்டு வருடத் தையலில் கையில் ஊறிய பாடம். பெல்ட் ஓடியதும் அதே பக்கம்தான்; டேப் இன்னும் இறுகியது. டெய்லரின் முகம் கறுத்தது.

"சுத்தாதக்கா! வெட்டணும்!"

அந்த நேரத்திலும் அக்கா பழைய கத்தரிக்கோலைத் தேடினாள். துணி வெட்டுவதில் வேறெதையும் வெட்டக் கூடாதே. தங்கை துணிக் கத்தரியையே எடுத்தாள். பிடரிப் பக்கம் விரலை நுழைத்து டேப்பைத் தூக்கி, ஒரே வெட்டு.

சரிந்தவரைத் தாங்கி, கழுத்து திரும்பாமல் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மார்பு அசையவில்லை. தங்கை தலைமாட்டில் மண்டியிட்டு, தாடையின் இரு மூலைகளிலும் விரல் கொடுத்து மெல்ல முன்னால் தூக்கினாள். தொண்டையை அடைத்திருந்த நாக்கு வழிவிட்டது. குறட்டைபோல ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று.

"ஆம்புலன்ஸ கூப்பிடுக்கா."

கண் திறந்தவர் தண்ணீர் கேட்டார். அக்கா டம்ளரோடு ஓடிவந்தாள்.

"குடுக்காத. முழுங்க முடியாம மூச்சுக்குழல்ல போயிடும்."

வண்டி வாசலுக்கு வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்தது.

"நாப்பது யூனிபார்ம் கிடக்கு. டேப்தானே, பாம்பா சுத்துச்சு?"

"பேசறாரே, நல்லாத்தானே இருக்காரு," என்றாள் அக்காவும்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும் மாமா. உள்ள வீங்கி, அப்புறமா மூச்சை அடைக்கும்."

"நீ என்ன டாக்டரா?" என்றார் அவர்.

அவளுக்குக் காது சுட்டது. "இல்ல. அதான் டாக்டர்கிட்ட போகலாங்கறேன்."

டெய்லர் சிரித்தார். சிரிப்பின் வாலில் மெல்லிய விசில் ஒன்று வந்தது. அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். வண்டியில் ஏறக் கையை நீட்டினார்.

உள்ளே வீக்கம் இறங்கும்வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வார்டு வாசலில் அக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டி இறுக்கினேன்."

"மோட்டாரை நிறுத்தினதும் நீதான்க்கா," என்று தங்கை அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.